மணிலாவில் மின்வண்டி வாங்குவது யார்? வேண்டாம் என்பது யார்?



ஈ.வி. என்ற வார்த்தையைக் கேட்டதும் நாம என்ன பேச ஆரம்பிக்கிறோம்? பேட்டரி வேதியியல், மோட்டாரின் டார்க், சார்ஜ் ஏற எத்தனை நிமிஷம்... செமினாரிலும் இதுதான், ப்ராஜெக்ட் ரிவ்யூவிலும் இதுதான். ஆனா ஷோரூம் வாசலில் நிற்கிற மனுஷன் இதில் ஒன்றைக்கூட முதலில் கேட்பதில்லை. "மழைத்தண்ணியில போனா என்ன ஆகும்? வீட்டில் எங்கே சொருகுறது? நாளைக்கு விற்றால் என்ன விலைக்குப் போகும்?" இதுதான் அவருடைய கேள்வித்தாள்.

இந்தக் கேள்வித்தாள் ஊருக்கு ஊர் மாறும். இந்தக் கட்டுரையில் நாம பார்க்கப்போவது பிலிப்பைன்ஸ். ஏன் அந்த நாடு? பெட்ரோல் விலை அதிகம், கரண்ட் விலையும் அதிகம், வெள்ளம் அதிகம், டிராஃபிக் அதைவிட அதிகம். மின்வண்டிக்கு ஆதரவான எல்லாக் காரணமும், எதிரான எல்லாக் காரணமும் ஒரே ஊரில் கிடைக்கிற அபூர்வமான ஆய்வுக்கூடம் அது. மக்கள் மனசு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் ஊரைப் பற்றி நாலு வரி

பிலிப்பைன்ஸில் 7,641 தீவுகள். மக்கள்தொகை 11 கோடிக்கு மேல். அவர்களுடைய பணம் பெசோ. ஒரு பெசோ சுமார் ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பெரும்பாலும் இறக்குமதி. 1998-லேயே எரிபொருள் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை தோறும் பெட்ரோல் விலை மாறும். திங்கட்கிழமை "நாளைக்கு ஏறுமா, இறங்குமா?" என்று செய்தி வரும். ஏறும் என்றால் அன்று சாயங்காலமே பங்க்கில் வரிசை கட்டுவார்கள். 2022-இல் உக்ரைன் போர் சமயத்தில் டீசல் லிட்டர் 80 பெசோவைத் தாண்டியது. அந்த வருஷத்துக்குப் பிறகுதான் சாதாரணக் குடும்பங்களிலும் மின்வண்டிப் பேச்சு வந்தது.

அரசும் சும்மா இல்லை. 2022 ஏப்ரலில் மின்வண்டித் தொழில் வளர்ச்சிச் சட்டம், அதாவது குடியரசுச் சட்டம் எண் 11697, சட்டமாகியது. சுருக்கமாக 'எவிடா' என்கிறார்கள். அது சொல்வதில் முக்கியமானவை:

• அரசு அலுவலகங்களும் பெரிய நிறுவனங்களும் வைத்திருக்கும் வண்டிகளில் குறைந்தது 5 சதவீதம் மின்வண்டியாக இருக்க வேண்டும்.
• 20 அல்லது அதற்கு மேல் பார்க்கிங் இடம் உள்ள கட்டடங்களில் ஒரு பங்கை மின்வண்டிக்கு ஒதுக்க வேண்டும்.
• மெட்ரோ மணிலாவின் 'நம்பர் கோடிங்' கட்டுப்பாட்டிலிருந்து மின்வண்டிகளுக்கு 8 ஆண்டுகள் விலக்கு.

இதற்கு முன்பே, 2018-இல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் முழு மின்வண்டிக்குக் கலால் வரி கிடையாது, ஹைப்ரிட்டுக்குப் பாதி. 2023 ஜனவரியில் வந்த ஆணையில் இறக்குமதி வரியும் பூஜ்யமானது. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த நாட்டில் பதிவான வண்டிகளில் பாதிக்கு மேல் மோட்டார்சைக்கிளும் ட்ரைசைகிளும்தான். ஆனா மின் மோட்டார்சைக்கிளை அந்தச் சலுகையில் சேர்க்கவில்லை. அதற்கு 30 சதவீத வரி அப்படியே இருந்தது. 2024-இல் வந்த இன்னொரு ஆணையில்தான் அதையும், ஹைப்ரிட்டையும் சேர்த்தார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

மனசை அளக்க ஒரு ஸ்கேல்

"மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நம்மவர்களுக்கு வழக்கம். அது பதில் இல்லை. இக் ஐசன் என்ற உளவியலாளர் 1991-இல் விரிவாக எழுதிய 'திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு' ஒன்று இருக்கிறது. ஒரு ஆள் ஒரு காரியத்தைச் செய்வாரா என்பது மூன்று விஷயத்தைப் பொறுத்தது என்கிறது அது.

ஒன்று, அந்தக் காரியம் நல்லதா கெட்டதா என்று அவர் நினைப்பது. இரண்டு, வீட்டாரும் அக்கம்பக்கமும் என்ன நினைப்பார்கள் என்று அவர் நினைப்பது. மூன்று, 'என்னால் இதைச் செய்ய முடியுமா?' என்ற நம்பிக்கை.

எம்.பி.ஏ. படிக்கிறவர்கள் இதை வைத்துத்தான் சர்வே எடுப்பார்கள். நாம சர்வே எடுக்க வேண்டாம். பிலிப்பைன்ஸ் வாடிக்கையாளர் ஒருவரின் தயக்கத்தை இந்த மூன்று பெட்டியில் போட்டுப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். 'ஈ.வி. நல்லதுதான்' என்று சொல்பவர் அங்கே நிறைய. பிரச்சினை மூன்றாவது பெட்டியில்தான் வருகிறது.

ஒரு வண்டி, இரண்டு கணக்கு

நாம இன்ஜினியரிங் மாணவர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். கீழே உள்ள எண்கள் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை. ஆனா மணிலா நிலவரத்தை ஒட்டியவை.

பெட்ரோல் கார்: நகர டிராஃபிக்கில் லிட்டருக்கு 10 கி.மீ., லிட்டர் 60 பெசோ. அப்போ கிலோமீட்டருக்கு 6 பெசோ.

மின் கார்: சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்து கிலோமீட்டருக்கு 0.17 யூனிட். வீட்டுக் கரண்ட் யூனிட் 12 பெசோ. கிலோமீட்டருக்கு சுமார் 2 பெசோ.

வருஷத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டினால் மிச்சம் 40,000 பெசோ. அதே அளவு பெட்ரோல் காரைவிட மின் கார் 3 லட்சம் பெசோ அதிகம் என்றால், ஏழரை வருஷத்தில் போட்ட பணம் திரும்பும். பரவாயில்லை, இல்லையா?

இப்போ ஒரே ஒரு எண்ணை மாற்றுவோம். அவர் வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இல்லை. வெளியே வேக சார்ஜரில் யூனிட் 28 பெசோ கொடுக்கிறார். கிலோமீட்டருக்கு 4.76 பெசோ ஆகிறது. வருஷ மிச்சம் 12,400 பெசோ. போட்ட பணம் திரும்ப 24 வருஷம்! வண்டியே அவ்வளவு நாள் ஓடாது.

கார் அதேதான், பேட்டரி அதேதான். வீட்டில் ஒரு ப்ளக் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். "ஈ.வி. லாபமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. "யாருக்கு?" என்று கேட்டால்தான் பதில் வரும்.

ப்ளக் எங்கே சார்?

மணிலா நெருக்கமான ஊர். நடுத்தர வர்க்கத்தில் ஒரு பகுதி அடுக்குமாடி காண்டோவில் இருக்கிறது. பார்க்கிங் அடித்தளத்தில் இருக்கும். அது தனி விலை, சில சமயம் வாடகை. அங்கே சொந்த மீட்டரிலிருந்து லைன் இழுக்க நிர்வாகக் குழு ஒத்துக்கொள்ள வேண்டும். 7 கிலோவாட் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர் தாங்கும் தனி சர்க்யூட் வேண்டும். பத்துப் பேர் கேட்டால் கட்டடத்தின் டிரான்ஸ்ஃபார்மரையே பார்க்க வேண்டியிருக்கும்.

தனி வீட்டுக்காரர்கள் பாடு இன்னும் சிக்கல். நிறைய வீடுகளுக்குக் கராஜ் கிடையாது. வண்டி தெருவோரம் நிற்கும். பார்க்கிங் இடம் காட்டினால்தான் வண்டியைப் பதிவு செய்யலாம் என்று சட்டம் கொண்டுவரப் பலமுறை மசோதா போட்டும் நிறைவேறவில்லை. தெருவோரம் நிற்கிற காருக்கு ஜன்னல் வழியாக ஒயர் இழுப்பதா?

அதனால்தான் அங்கே சார்ஜிங் என்றால் முதலில் மால் ஞாபகம் வருகிறது. ஏ.சி.க்காகவே மாலுக்குப் போகும் ஊர் அது. பெரிய மால் நிறுவனம் ஒன்று தன் கிளைகளில் ஆரம்பத்தில் இலவசமாகவே சார்ஜ் கொடுத்தது. சாமான் வாங்கும் இரண்டு மணி நேரத்தில் வண்டியும் தின்று முடித்துவிடும். பழக்கத்தை மாற்றாமல் பழக்கத்தின் மேலேயே சார்ஜரை வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனா தினமும் மாலுக்குப் போக முடியுமா?

கோடிங்: நிஜமான விற்பனையாளர்

மணிலாவில் மின்வண்டியை விற்றது சுற்றுச்சூழல் விளம்பரமா? இல்லை. பெரும் பங்கு நம்பர் பிளேட்டுக்குத்தான்.

நம்பர் கோடிங் என்றால் இதுதான்: பிளேட்டின் கடைசி எண் 1 அல்லது 2 என்றால் திங்கட்கிழமை நெரிசல் நேரத்தில் வண்டியை எடுக்கக்கூடாது. 3, 4 என்றால் செவ்வாய். இப்படியே வெள்ளிவரை. காலை 7 முதல் 10, மாலை 5 முதல் 8. இதைச் சமாளிக்க வசதியுள்ள குடும்பங்கள் வேறு கடைசி எண்ணில் இரண்டாவது கார் வாங்குவது வழக்கம். டிராஃபிக்கைக் குறைக்கப் போட்ட விதி, வண்டி எண்ணிக்கையைக் கூட்டிவிட்டது.

இப்போ மின்வண்டி வாங்கினால் அஞ்சு நாளும் ஓட்டலாம். 'இரண்டாவது பெட்ரோல் கார் வாங்குவதற்குப் பதில் ஒரு ஈ.வி.' என்று கணக்கு மாறுகிறது. மேலே பார்த்த 3 லட்சம் கூடுதல் விலை திடீரென்று சின்னதாகத் தெரிகிறது.

ஆனா இந்த விலக்கு ஹைப்ரிட்டுக்கும் கிடைத்தது. ப்ளக்கே வேண்டாம், கோடிங்கும் கிடையாது. நகரத்தில் லிட்டருக்கு 20 கி.மீ. கொடுக்கும் ஹைப்ரிட்டுக்குக் கிலோமீட்டர் செலவு 3 பெசோ. வெளியே சார்ஜ் போடுகிறவரின் 4.76 பெசோவைவிட இது குறைவு! அதனால் 'மின்மயமான வண்டிகள்' என்று அங்கே கணக்கு காட்டப்படுவதில் பெரும்பங்கு ஹைப்ரிட்தான். 2024-இல் அங்கே மொத்தம் 4,67,252 புது வண்டிகள் விற்றன. அதில் முழு மின்வண்டி இன்னும் சிறு துளிதான்.

'மக்களுக்கு ஈ.வி. மேல் நம்பிக்கை இல்லை, அதனால் ஹைப்ரிட் வாங்குகிறார்கள்' என்று சொல்வது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது. அவர்கள் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறார்கள்.

டிராஃபிக் விஷயத்தில் ஈ.வி.க்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. டாம்டாம் நிறுவனத்தின் 2023 கணக்குப்படி மெட்ரோ மணிலாவில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 25 நிமிஷம் 30 விநாடி. பெருநகர்ப் பகுதிகளில் உலகிலேயே மோசம். எட்சா நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் நின்றால் பெட்ரோல் இன்ஜின் ஏ.சி.யோடு ஓடிக்கொண்டே ஒன்றரை, இரண்டு லிட்டர் குடித்துவிடும், அதாவது நூறு பெசோ. மின் காரில் அதே ஏ.சி.க்கு இரண்டு யூனிட் போதும், 24 பெசோ. ஆனா இதை ஷோரூமில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை; 'ஒரு சார்ஜில் 400 கி.மீ.' என்றுதான் சொல்கிறார்கள். தினமும் 30 கி.மீ. ஓட்டுகிற ஆளுக்கு அந்த 400 எதற்கு?

எதற்கு என்றால், புனித வாரத்துக்கு. ஈஸ்டர் சமயத்திலும், நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாளிலும் மணிலாவே காலியாகி எல்லோரும் சொந்த மாகாணத்துக்குப் போவார்கள். நம்ம ஊர் பொங்கல் கூட்டம் மாதிரி. வருஷத்தில் நாலு நாள் ஓட்டும் தூரத்தை வைத்துத்தான் வருஷம் முழுக்க ஓட்டும் வண்டியை முடிவு செய்கிறார்கள். கூடவே தாத்தா பாட்டி, பிள்ளைகள், மச்சான் எல்லோரும் ஏறணும். அதனால் ஏழு சீட் வண்டிக்கு மவுசு. வந்த மலிவான மின் கார்களோ பெரும்பாலும் நாலைந்து பேருக்கானவை.

தண்ணீரில் போனால்?

வருஷத்துக்குச் சராசரியாக 20 புயல்கள் பிலிப்பைன்ஸின் எல்லைக்குள் வருகின்றன. 2009 செப்டம்பர் 26 அன்று 'ஓண்டோய்' புயலில் மணிலாவில் 24 மணி நேரத்தில் 455 மி.மீ. மழை பெய்தது. 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த எண்ணின் கனம் தெரியும். புயல் எச்சரிக்கை வந்தால் மக்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவார்கள். மால்களும் இரவு பார்க்கிங் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும். இப்படிப்பட்ட ஊரில் 'தரைக்குக் கீழே பேட்டரி' என்றால் பயம் வராமல் இருக்குமா?

பயத்தைப் பிரித்துப் பார்ப்போம். பெட்ரோல் இன்ஜினுக்குச் சுவாசிக்கக் காற்று வேண்டும். காற்றுக்குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்ஜின் அவ்ளோதான். மின்வண்டி சுவாசிப்பதில்லை. பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் ஐ.பி.67 தரத்தில் மூடப்பட்டிருக்கும். அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தண்ணீர் புகாது. ஆக, முழங்கால் தண்ணீரைக் கடந்து போவதில் மின்வண்டி பெட்ரோல் வண்டியைவிட நன்றாகவே சமாளிக்கும்.

ஆனா வெள்ளம் அரை மணி நேரத்தில் வடிவதில்லையே? ராத்திரி முழுக்க மூழ்கிக்கிடந்தால் அந்தத் தரம் காப்பாற்றாது. கடலோரம் உப்புத்தண்ணீர் என்றால் உள்ளே ஷார்ட் ஆகும் அபாயம் கூடுதல். பெட்ரோல் காரைக் கழற்றிக் காயவைத்து ஓட்ட வைக்கும் மெக்கானிக் தெருவுக்குத் தெரு உண்டு. பேட்டரிப் பெட்டி நனைந்தால் மொத்தமாக மாற்ற வேண்டும். வண்டி விலையில் பெரும்பகுதி அது. அங்கே வெள்ளச் சேதத்துக்கான இன்சூரன்ஸ், 'இயற்கைச் சீற்றம்' என்ற தனிச் சேர்க்கையாகப் பணம் கட்டி வாங்க வேண்டியது. ஆகவே 'தண்ணீரில் கரண்ட் அடிக்குமா?' என்ற பயம் தேவையில்லாதது; 'தண்ணீரில் போனால் எனக்கு எவ்வளவு செலவு?' என்ற பயம் நியாயமானது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு 'மூடநம்பிக்கை' என்று சொல்லிவிடக்கூடாது.

ப்ரௌன்அவுட் வந்தால்?

பிலிப்பைன்ஸில் முழு மின்தடையையும் 'ப்ரௌன்அவுட்' என்றுதான் சொல்வார்கள். நம்ம பவர்கட் மாதிரி, தினசரிப் பேச்சில் கலந்த வார்த்தை. 2024 ஏப்ரலில் எல்நினோ வெப்பத்தில் லூசோன் மின்தொகுப்புக்கே சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள். "ஃபேனுக்கே கரண்ட் இல்லை, காருக்கா?" என்று ஒருவர் கேட்டால் நாம என்ன பதில் சொல்வோம்?

எண்ணில் சொல்லலாம். ஒரு லட்சம் மின் கார்கள், ஆளுக்குத் தினம் 30 கி.மீ. என்றால் ஒரு காருக்கு 5 யூனிட். மொத்தம் 5 லட்சம் யூனிட். இதை இரவு 8 மணி நேரத்தில் பரப்பினால் சுமை 63 மெகாவாட்தான். லூசோனின் உச்சத் தேவை சுமார் 14,000 மெகாவாட். அதில் இது தூசு. ஆனா அத்தனை பேரும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் 7 கிலோவாட் சார்ஜரைச் சொருகினால் 700 மெகாவாட். அது உச்சத் தேவையில் 5 சதவீதம். அதே கார்கள், அதே யூனிட். நேரம் மட்டும் மாறியது. அப்போ இதற்கு விடை புது பவர் பிளான்ட் மட்டும் இல்லை, இரவு நேர மலிவுக் கட்டணமும்தான்.

"அங்கே கரண்ட்டே நிலக்கரியில்தானே வருது?" என்றும் கேட்பார்கள். உண்மைதான், மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரி. யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தாலும் மின் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.12 கிலோ, பெட்ரோல் காருக்கு 0.23 கிலோ. பாதிதான் வருகிறது. ஆனால் சின்னத் தீவுகளில் டீசல் ஜெனரேட்டரில் சில மணி நேரம் மட்டும் கரண்ட் வரும் இடங்கள் உண்டு. அங்கே மின்வண்டி என்றால் டீசல் வண்டிதான், ஒயர் வழியாக.

மாற்றிப் போட்டால் இதே பயம் ஆசையாகவும் ஆகிறது. 2021 டிசம்பரில் 'ஓடெட்' புயல் அடித்தபோது செபு, போஹோல் பகுதிகளில் பல வாரம் கரண்ட் இல்லை. வண்டி பேட்டரியிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கும் வசதி இருந்தால், 45 யூனிட் மீதியுள்ள ஒரு கார், தினம் 3 யூனிட் செலவழிக்கும் வீட்டை 15 நாள் தாங்கும். இதைச் சொன்னால் பிலிப்பைன்ஸ்காரர் கண் விரியும். ஓட்டுகிற ஜெனரேட்டர் இல்லையா அது!

நாலு பேர் என்ன சொல்வாங்க?

இப்போ இரண்டாவது பெட்டி. அங்கே டொயோட்டா ஒன்றே மொத்த விற்பனையில் கிட்டத்தட்டப் பாதி. வண்டி என்றால் டொயோட்டா என்று அப்பா சொல்லி வளர்ந்த தலைமுறை. பல வீடுகளில் அந்த வண்டியே, வெளிநாட்டில் நர்ஸாகவோ கப்பலிலோ வேலை செய்யும் யாரோ ஒருவர் அனுப்பிய பணத்தில் வாங்கியது. அந்தப் பணத்தில் சோதனை செய்து பார்க்க மனசு வராது.

மின் கார்களில் மலிவானவை பெரும்பாலும் சீன நிறுவனங்களுடையவை. 'சீனப் பொருள்' என்ற சந்தேகம் ஒரு பக்கம், கடல் எல்லைத் தகராறு இன்னொரு பக்கம். ஆனாலும் பி.ஒய்.டி., அயாலா என்ற உள்ளூர்ப் பெரிய குழுமத்தின் கையைப் பிடித்து 2023-இல் வந்தபோது சந்தேகம் கொஞ்சம் தளர்ந்தது. 'வண்டி யாருடையது என்பதைவிட, கெட்டுப்போனால் யாரிடம் போய் நிற்பேன்' என்பதுதான் கவலை. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2024-இல் பேட்டரியை மாத வாடகைக்குத் தரும் திட்டத்தோடு வந்தது. பேட்டரி போய்விட்டால் என்ற பயத்தை நிறுவனமே தலையில் ஏற்றிக்கொள்கிற ஏற்பாடு.

கம்பெனி சர்வீஸ் சென்டரை அங்கே 'காசா' என்பார்கள். தெருமுனை மெக்கானிக் ஷெட் 'டால்யெர்'. வாரன்டி முடிந்ததும் காசாவை விட்டு டால்யெருக்கு மாறுவதுதான் குடும்ப பட்ஜெட். மின்வண்டிக்கு டால்யெர் இல்லை. இன்வெர்ட்டர் போனால் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை என்பதே மறுவிற்பனை விலையைக் கீழே இழுக்கிறது.

யாருடைய மின்வண்டி?

இதுவரை காரைப் பற்றியே பேசினோம். இப்போ தெருவுக்கு வாங்க. பிலிப்பைன்ஸில் மின்வண்டியை முதலில் பெருவாரியாக ஏற்றுக்கொண்டவர்கள் கார்க்காரர்கள் இல்லை. மூணு சக்கர ஈ-ட்ரைக் வாங்கிய சாதாரண மக்கள்தான். பிள்ளையைப் பள்ளியில் விட, சந்தைக்குப் போக, வயசானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக. 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஐந்து, 60 வோல்ட், 32 ஆம்பியர்-அவர். கணக்குப் போட்டால் 1.9 யூனிட். வீணாவதைச் சேர்த்து ஒரு முழு சார்ஜுக்கு 30 பெசோ. ஓடுவது 40 கி.மீ. 2024-இல் ஜீப்னியில் குறைந்தபட்சக் கட்டணமே 13 பெசோ. இரண்டு மூன்று டிக்கெட் காசில் ஒரு நாள் முழுக்க ஓட்டலாம். வீட்டுச் சாதாரண ப்ளக்கே போதும். விழிப்புணர்வு முகாம் எதுவும் இல்லாமலே பரவியது.

2024 ஏப்ரலில் மணிலா பெருநகர ஆணையம் எட்சா உள்ளிட்ட முக்கியச் சாலைகளில் ஈ-பைக், ஈ-ட்ரைக்கைத் தடை செய்தது. மீறினால் 2,500 பெசோ அபராதம். எண்பது முறை சார்ஜ் போடுகிற காசு அது! காரணம் இல்லாமல் இல்லை: மணிக்கு 25 கி.மீ. வேக வண்டி, பஸ்ஸும் லாரியும் பறக்கிற சாலையில், பலர் லைசென்ஸ் இல்லாமல். விபத்துகள் நடந்தன. கார் ஓட்டுபவர்கள் தடையை வரவேற்றார்கள், ட்ரைக் ஓட்டுபவர்கள் "எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் அந்தச் சாலைதான் இருக்கு, பறந்தா போவோம்?" என்ற நிலையில் நின்றார்கள். கூச்சல் எழுந்ததும் டிக்கெட் கொடுப்பது, அபராதம் போடுவது, பிடித்து வைப்பது எல்லாவற்றுக்கும் ஒரு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது.

இப்போ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின் கார் வைத்திருப்பவர் நெரிசல் நேரத்திலும் எட்சாவில் போகலாம். அது சட்டம் தந்த சலுகை. மின் ட்ரைக் வைத்திருப்பவர் எந்த நேரத்திலும் போகக்கூடாது. முன்னாடி சொன்ன மின் மோட்டார்சைக்கிள் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஈ.வி. பணக்காரர்களுக்கு' என்று அங்கே சிலர் நினைப்பது வெறும் மனப்பான்மை இல்லை என்று புரியும்.

ஜீப்னி கதையும் இதே. பழைய ஜப்பானிய டீசல் இன்ஜின், உள்ளூரில் அடித்த தகர உடம்பு, எந்த மெக்கானிக்கும் சரிசெய்வார். ஓட்டுநர் தினமும் உரிமையாளருக்கு 'பவுண்டரி' என்ற வாடகையைக் கட்டி, டீசல் போட்டு, மீதியை வீட்டுக்கு எடுத்துப்போவார். 2017-இல் தொடங்கிய நவீனமயத் திட்டம் இவற்றுக்குப் பதிலாகப் புதிய ஜீப்னிகளை, மின் வண்டிகளையும் சேர்த்து, கொண்டுவரச் சொன்னது. விலை 20 லட்சம் பெசோவுக்கு மேல். 20 லட்சத்தை 6 சதவீத வட்டியில் 7 வருஷத்துக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 29,200 பெசோ. மாதம் 25 நாள் ஓடினால் நாளுக்கு 1,170. அதாவது முதல் 90 பயணிகள் கடனுக்கு. கரண்ட், பராமரிப்பு, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு. 2023 மார்ச்சில் ஜீப்னிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் எதிர்த்தது மோட்டாரை இல்லை, இந்தத் தவணையை.

முன்னுதாரணமும் உண்டு. 2012-இல் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ஒரு லட்சம் ஈ-ட்ரைக் இறக்கப்போவதாகப் பெரிய திட்டம் அறிவித்தார்கள். கடைசியில் அது 3,000 வண்டியாகச் சுருங்கியது. அதே சமயம் போராகாய் தீவில், 2018-இல் ஆறு மாதம் தீவையே மூடிச் சீரமைத்த காலத்தையொட்டி பெட்ரோல் ட்ரைசைகிளை நீக்கி மின் ட்ரைக்குக்கு மாற்றினார்கள், அது நிலைத்தது. சின்னத் தீவு, குறைந்த தூரம், நிச்சயமான சுற்றுலாப் பயணிகள், நிச்சயமான வருமானம். ஓட்டுநரின் தினக் கணக்கு சரிவந்த இடத்தில் வண்டியும் ஓடியது.

நமக்கு இதில் என்ன?

நாளைக்கு நம்மில் பலர் ஏதோ ஒரு ஈ.வி. நிறுவனத்தில் உட்காரப்போகிறோம். பிலிப்பைன்ஸ்காரர்களின் தயக்கத்தை வரிசையாகப் பாருங்கள்: ப்ளக், வெள்ளம், டால்யெர், தவணை, சாலை. இதில் எதுவுமே அறியாமை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு டிசைன் வேலை. காண்டோ பேஸ்மென்ட்டில் பத்து காருக்கு ஒரே லைனைப் பங்கிட்டுக் கொடுக்கும் சார்ஜர். நனைந்தால் முழுசாகத் தூக்கிப்போடாமல் பகுதி பகுதியாக மாற்றக்கூடிய பேட்டரிப் பெட்டி. தெருமுனை மெக்கானிக் பயமில்லாமல் திறக்கக்கூடிய இன்வெர்ட்டர். பவுண்டரி மாதிரியே நாள் கணக்கில் கட்டக்கூடிய பேட்டரி வாடகை. மெதுவாகப் போகிற வண்டிக்கென்று ஓரமாக ஒரு பாதை.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் தலைப்பு தேடுகிறவர்கள் மேலே உள்ள வரிசையில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் செயல்திறனை 94-லிருந்து 95 சதவீதமாக ஆக்குவதைவிட, அந்த 1,170 பெசோவைக் குறைக்கிற வழி ஒன்றைக் கண்டுபிடித்தால் அதிகம் பேர் மின்வண்டி ஓட்டுவார்கள்.